எந்தப் பூவை எடுத்துச் செல்வது? கல்லறை வரை கூடவே வரும் சாதி

போன மாதம் எங்கள் தோழர் ஒருவரின் ஆயா இறந்துபோனார். எண்பதைத் தாண்டிய வயது. காலனிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் ஜெபம் படிக்காத ஆள் அந்தக் காலனியில் இல்லை. செய்தி வந்த இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கியது: நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் வளையம் வைக்க வேண்டும். எந்தப் பூ? என்ன வடிவம்?

சாதாரணக் கேள்விதான். ஆனால் விடியும் வரை முடியவில்லை. ஒருவர், "வெள்ளைப் பூவில் சிலுவை வடிவம், அதுதான் கிறித்தவ முறை" என்றார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஒருவர், "பூ வைப்பதே பைபிளில் கிடையாது" என்றார். கிறித்தவர் அல்லாத ஒரு தோழர் நீல நாடா கட்ட வேண்டும் என்றார். இன்னொருவர், "அந்தப் பணத்தை ஆயா பேரில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமாகக் கொடுக்கலாமே" என்றார். கடைசியாகப் பேரன் ஒரு குரல் பதிவு அனுப்பினான்: "எந்தப் பூவ வேணா வைங்க. ஆனா எங்க ஆயா பெரிய தெரு வழியா போகாது. அதுக்கு என்ன பண்றது?"

அதன்பிறகு குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

அந்த ஊரில் கோயில் ஒன்றுதான், பூசையும் ஒன்றுதான். ஆனால் இறந்தவரைத் தூக்கிச் செல்லும் தூம்பா இரண்டு. பாதை இரண்டு. கல்லறைத் தோட்டத்தில் பகுதியும் இரண்டு. இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல என்பது படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே பூவைப் பற்றிய கேள்வியைப் பூவோடு முடிக்க முடியாது. கிறித்தவச் சாவுச் சடங்குக்குள் பூ எப்படி வந்தது, அதே சடங்குக்குள் சாதி எப்படி வந்தது, இரண்டும் எங்கே சந்தித்தன என்று தெரிந்துகொண்டால்தான் நாம் எதைக் கையில் எடுத்துச் செல்வது என்று முடிவுசெய்ய முடியும்.

பூ வேண்டாம் என்ற முதல் கிறித்தவர்கள்

பெந்தெகொஸ்தே தோழர் சொன்னதில் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. தொடக்க நூற்றாண்டுக் கிறித்தவர்கள் இறந்தவருக்கு மலர்முடி சூட்டவில்லை.

அவர்களைச் சுற்றி வாழ்ந்த ரோமானியர்கள் பூவில்லாமல் சாவுச் சடங்கு செய்யமாட்டார்கள். பிணத்துக்கு மலர்முடி, கல்லறைக்கு மாலை. பிப்ரவரி மாதத்தில் முன்னோர்களுக்கான பரென்டாலியா நாட்கள். ரோஜா பூக்கும் பருவத்தில் கல்லறைகளுக்கு ரோஜா கொண்டுபோகும் ரொசாலியா விழா. மாலை அங்கே தெய்வங்களுக்கும் உரியது, வெற்றிபெற்ற தளபதிக்கும் உரியது. மாலை சூடுவது என்றால் அந்தத் தெய்வங்களையும் அந்தப் பேரரசையும் ஏற்பது என்று கிறித்தவர்கள் எண்ணினார்கள். தெர்த்துல்லியன் 211ஆம் ஆண்டையொட்டி மலர்முடியைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். அரசர் கொடுத்த பரிசைப் பெறும்போது மற்ற வீரர்களைப் போல மலர்முடியைத் தலையில் அணிய மறுத்த ஒரு கிறித்தவச் சிப்பாய்க்கு ஆதரவாக எழுதிய நூல் அது.

அதே காலகட்டத்தைச் சேர்ந்த மினூசியஸ் ஃபெலிக்ஸின் உரையாடல் நூலில், 'நீங்கள் உங்கள் செத்தவர்களுக்குக்கூட மாலை போடுவதில்லையே' என்று ஒரு ரோமானியர் குற்றம் சாட்டுகிறார். கிறித்தவர் சொல்லும் பதிலின் சாரம் இது: இறந்தவர் பேரின்பத்தில் இருந்தால் அவருக்குப் பூ தேவையில்லை, துன்பத்தில் இருந்தால் பூவால் அவருக்கு மகிழ்ச்சி கிடைக்கப் போவதில்லை.

அன்றைய கிறித்தவர்களில் அடிமைகளும் கூலிகளும் நிறைய இருந்தார்கள். பேரரசின் மரியாதைச் சின்னங்களை ஏற்க மறுத்த மக்கள் அவர்கள். மாலை யாருக்கு விழுகிறது, யார் கையால் விழுகிறது என்பதே அதிகாரத்தின் அடையாளம் என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். ஊர்த் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்று வெட்டுக்குத்து வரை போகிற நாட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூ திரும்பி வந்த கதை

நான்காம் நூற்றாண்டில் கிறித்தவம் அரச ஆதரவு பெற்றது. பழைய தெய்வங்கள் மீதான பயம் குறைந்தது. பூ மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த கவிஞர் புருடென்சியஸ் இறந்தவர்களை அடக்கம் செய்வதைப் பற்றி எழுதிய லத்தீன் பாடலில் கல்லறைக்கு வயலட் பூவும் இலைகளும் வந்துவிட்டன.

ஆனால் ஒரு எதிர்க்குரலும் கூடவே இருந்தது. ரோம் நகரப் பிரபு பம்மாக்கியுஸின் மனைவி இறந்தபோது, எரோணிமுஸ் (ஜெரோம்) அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மற்றக் கணவர்கள் மனைவியரின் கல்லறையில் வயலட்டும் ரோஜாவும் லில்லியும் தூவித் தங்கள் துயரத்தை ஆற்றிக்கொள்கிறார்கள், நீயோ ஏழைகளுக்குத் தருமம் செய்து அவள் எலும்புகளுக்கு நறுமணம் பூசுகிறாய் என்று பாராட்டும் கடிதம். எங்கள் குழுவில் நோட்டுப் புத்தகம் வாங்கலாம் என்று சொன்ன தோழருக்குப் பதினாறு நூற்றாண்டு முன்னோடி ஒருவர் இருக்கிறார்.

இதற்கு நற்செய்தியிலேயே ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சுற்றியிருந்தவர்கள் கடிந்துகொள்கிறார்கள். இயேசு அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறார்; என் அடக்கத்துக்காக இவள் முன்கூட்டியே செய்துவிட்டாள் என்று அவளை ஏற்றுக்கொள்கிறார். ஏழையின் பெயரைச் சொல்லி இன்னொருவரின் அன்பை அளக்க வேண்டாம் என்றுதான் நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். சாவு வீட்டில் பூ வைப்பது வீண் செலவு என்று சொல்லும் உரிமை, அந்தப் பூவுக்காகக் கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்தவருக்கு மட்டும்தான் உண்டு.

பிறகு இடைக்காலம் முழுக்கப் பூக்களுக்குப் பொருள் ஏற்றப்பட்டது. வெள்ளை லில்லி மரியாவின் தூய்மைக்கு. சிவப்பு ரோஜா மறைசாட்சிகளின் இரத்தத்துக்கு. குருத்தோலை சாவை வென்றதற்கு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ, இறந்த எல்லா விசுவாசிகளுக்காகவும் வேண்டிக்கொள்ள நவம்பர் 2ஆம் நாளைக் குறித்தார். நம் ஊர்களில் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அதுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைகள் தோன்றியபோது சடங்குகள் மீண்டும் கேள்விக்குள்ளாயின. இங்கிலாந்தில் 1645இல் வந்த தூய்மைவாதிகளின் வழிபாட்டு ஒழுங்கு, எந்தச் சடங்கும் இல்லாமல் அடக்கம் செய்யச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று திசைமாறியது. விக்டோரியா அரசி காலத்தில் துக்கம் அனுசரிப்பதே பெரிய வணிகமானது. வட்ட வடிவ மலர் வளையம், வெள்ளைப் பூச் சிலுவை, உலர்ந்தாலும் நிறம் மாறாத 'என்றும் வாடாப் பூக்கள்' எல்லாம் கல்லறைகளை நிறைத்தன. இன்று நகரத்துப் பூக்கடையில் நாம் ஆர்டர் கொடுக்கும் வளையம் அந்த வழியில் வந்ததுதான். பெயர் மட்டும் தமிழ். அதில் விவிலியத்துக்கு விரோதமும் இல்லை, விவிலியக் கட்டளையும் இல்லை.

ஆக, பூவைப் பொறுத்தவரை கிறித்தவத்தில் ஒரே முறை என்று ஒன்று இருந்ததில்லை. மறுத்தார்கள், ஏற்றார்கள், மீண்டும் மறுத்தார்கள், மீண்டும் ஏற்றார்கள். இங்கே நம் நாட்டுக்கு வந்தபோது அந்தப் பூவோடு சாதி பின்னிக்கொண்டது.

மரணப் படுக்கையில் தொடங்கிய தீண்டாமை

பதினேழாம் நூற்றாண்டு மதுரை மிஷனில் இராபர்ட் தெ நொபிலி பார்ப்பனத் துறவி வேடம் பூண்டார். பிறகு, மற்றச் சாதிகளுக்காகப் பண்டாரச் சாமிகள் என்று வேறொரு பிரிவு உருவானது. சாதியைக் கடவுளுக்கு எதிரான பாவமாகப் பார்க்காமல் சமூக வழக்கமாகப் பார்த்தார்கள். இதன் விளைவு யார் மீது விழுந்தது? சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குரு நுழைவதில்லை. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

போப்பின் தூதராக வந்த தெ தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் இருந்து ஒரு ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குகள் என்று சொல்லப்பட்ட பலவற்றைத் தடைசெய்த அந்த ஆணையில், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே போய்க் கடைசி அருட்சாதனங்களைத் தர வேண்டும் என்பதும் ஒன்று. அதாவது, சாகிற மனிதரின் குடிசைக்குள் போ என்று குருக்களுக்கு ரோமிலிருந்து வந்தவர் எழுத்தில் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவும் எளிதில் நடைமுறைக்கு வரவில்லை. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இதை மீண்டும் வலியுறுத்தினார். அப்போதும் கிடைத்த தீர்வு, பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குவது. தீண்டாமையை ஒழிக்கச் சொன்ன கடிதம் தீண்டாமைக்கு ஒரு தனி நிர்வாகத்தை அமைத்துக் கொடுத்ததாகத்தான் முடிந்தது.

சீர்திருத்தச் சபை மட்டும் வேறா? சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கு கட்டிய கோயிலுக்குள்ளும் தனித்தனி இருக்கைகள் வந்தன. தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்ற பறையர் சமூக உபதேசியார் இருந்தார். படை வீரராக இருந்தவர். துன்புறுத்தலைத் தாங்கிக்கொண்டு சபையை வளர்த்தவர். அவரைக் குருவாக்கும் பேச்சு வந்தபோது, அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டோம் என்று சாதிக் கிறித்தவர்கள் நின்றார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. அவர் ஊட்டிய நம்பிக்கை வேண்டும், அவர் கை கொடுக்கும் அப்பம் வேண்டாம்.

பூவும் சாதியும் ஒரே மனுவில்

இனி நம் கேள்விக்கு மிக அருகில் வரும் ஒரு ஆவணம். ஆண்டு 1829. எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). இன்றும் தமிழ்க் கிறித்தவச் சபைகள் பாடும் கீர்த்தனைகளைத் தந்த பெரும் புலவர். சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர். வெள்ளாளர்.

அப்போது வந்த புதிய மிஷனரிகள் பழைய ஏற்பாடுகளை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு எதிராக எழுதிய மனுவில் சாஸ்திரியார் நான்கு கொடுமைகளைப் பட்டியலிட்டார். தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்வது இரண்டு. நம் மக்களின் சடங்குகளில் பூவையும் மாலையையும் விலக்குவது மூன்று. வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுப்பது நான்கு.

இந்தப் பட்டியலைத் தோழர்கள் நிதானமாக ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டும். மொழி, இசை, பூ ஆகிய மூன்றிலும் நாம் சாஸ்திரியாரோடு நிற்போம். தமிழ்ப் பாட்டை நிறுத்து, மாலையைத் தூக்கி எறி என்று சொல்ல ஐரோப்பியருக்கு என்ன உரிமை? ஆனால் அதே மூச்சில், அதே மனுவில், பறையரோடு ஒன்றாக உட்காரச் சொல்வதும் கொடுமை என்று எழுதப்பட்டிருக்கிறது. சாதியைப் பண்பாடு என்ற மூட்டைக்குள் வைத்துக் கட்டி, பூவோடும் பாட்டோடும் சேர்த்து விற்கும் வேலை அன்றே தொடங்கிவிட்டது.

எதிர்த் தரப்பும் ஒரு தவறு செய்தது. சாதியை எதிர்த்த மிஷனரிகளில் பலர், தமிழ்ச் சடங்கு எல்லாமே அஞ்ஞானம் என்று சேர்த்தே எதிர்த்தார்கள். பூவை விட்டால் சாதி போகும் என்பது போன்ற கணக்கு. பூ போனாலும் சாதி போகவில்லை. இரு தரப்புக்கும் நடுவே நின்ற தலித் கிறித்தவரிடம், உனக்குப் பூ வேண்டுமா, சமத்துவம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமையைத் தயங்காமல், உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்பது அதன் கட்டளை. கோயிலில் தனித்தனிப் பக்கம், நற்கருணைக்குத் தனித்தனி நேரம், கல்லறைத் தோட்டத்தில் தனித்தனிப் பகுதி என்று எல்லாம் அப்போது வழக்கத்தில் இருந்தன. அறிக்கையைக் கேட்டதும் தஞ்சையிலும் மற்ற ஊர்களிலும் சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். இயேசுவை விட்டாலும் விடுவோம், இருக்கையை விடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள்.

சுவர்கள்

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம். 1872இல் அங்கே கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலின் வடிவமே சாதிக்காக அமைந்தது. ஒரு பீடம், அதிலிருந்து பிரியும் இரண்டு மண்டபங்கள், நடுவே சுவர். பிள்ளைமார், முதலியார் ஒரு பக்கம். நாடார் உள்ளிட்டோர் மறு பக்கம். 1910இல் பங்குக் குரு சுவரை அகற்றினார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், கோயிலுக்குள் சாதி அடிப்படையில் தனி இடம் கேட்கும் உரிமை ஏற்கப்படவில்லை. ஒரு சுவர் விழுந்ததும் அதற்காக வழக்கு நடந்ததும் நல்ல முன்னுதாரணம். ஆனால் சட்டம் அங்கே சொன்னது கல்லறைகளின் காதில் விழவில்லை.

திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து எழுப்பிய சுவரை எதிர்த்து நம் தலைமுறையிலும் போராட வேண்டியிருந்தது. செத்த பிறகும் ஒருவர் மண் இன்னொருவர் மண்ணோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டிய சுவர் அது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். தங்கள் வீட்டுச் சாவு பெரிய தெரு வழியாகப் போக முடியாது என்பது அவர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று. மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் இருவர் இறந்தார்கள். சாதியைக் காப்பாற்ற வந்தவர்களின் உயிரையும் சாதிதான் எடுத்தது. அவர்களுக்காகவும் நாம் வருந்துகிறோம். ஆனால் அந்தச் சண்டை எதற்காக என்பதை மறக்க மாட்டோம். ஒரு பிணம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதற்காக.

திருச்சபையின் தலைமைக்கு இது தெரியாதது அல்ல. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 1704இல் ஒரு காகிதம், 1744இல் ஒரு காகிதம், 1833இல் ஒரு காகிதம், 2016இல் ஒரு காகிதம். காகிதங்கள் எல்லாம் நம் பக்கம்தான். தெருதான் இன்னும் நம் பக்கம் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இடுகாட்டையும் சாலையையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சேராதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் இன்றும் வெளியே. அதாவது, ஊர் உன்னைத் தலித் என்று சொல்லித் தனிப் பாதையில் அனுப்பும். புகார் கொடுக்கப் போனால், நீ தலித் இல்லை என்று சட்டம் சொல்லும்.

இங்கே இளைய தோழர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பெயரால் இடுகாட்டையோ பாதையையோ மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அதன் நான்காவது பிரிவு 'எந்த ஒரு நபருக்கும்' என்றுதான் பேசுகிறது. நாம் அதிகம் எடுக்காத ஆயுதம் இது.

மதமும் சாதியும் சேர்ந்து ஒரு பிணத்தை எப்படி நிறுத்தும் என்பதற்குச் சத்தீஸ்கர் வழக்கு அண்மைச் சாட்சி. பஸ்தர் பகுதியில் மகரா சாதியைச் சேர்ந்த ஒரு கிறித்தவப் போதகர் 2025 ஜனவரி 7 அன்று இறந்தார். சொந்த ஊரில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. உடல் பிணவறையில் கிடந்தது. மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜனவரி 27 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். உடல் மேலும் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கிறித்தவ இடுகாட்டில் அடக்கம் செய்யும்படி உத்தரவு வந்தது. மூன்று வாரம் மண்ணுக்குக் காத்திருந்தவருக்கு எந்தப் பூ வைப்பது என்று யாரால் யோசித்திருக்க முடியும்?

சரி, எந்தப் பூ?

கேள்விக்கு வருவோம். இதை நடைமுறையாகவே சொல்கிறோம். அடுத்த சாவுக்கு உங்களுக்குப் பயன்படும்.

முதலில் குடும்பத்தைக் கேளுங்கள். இறந்தவரின் சபை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கர், லூத்தரன், சிஎஸ்ஐ வீடுகளில் பூவுக்குப் பொதுவாகத் தடையில்லை. சில சபைகளில் பூவே வைப்பதில்லை. அதை மதியுங்கள். இறந்தவரின் நம்பிக்கைதான் அங்கே பெரிது, நம் கொள்கை விளக்கம் அல்ல. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயிலின் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பதில்லை. அப்போது வளையத்தைப் பெட்டிக்குப் பக்கத்திலோ கல்லறையிலோ வைக்கலாம்.

வடிவம் என்றால், சிலுவை அவர் நம்பிக்கையைச் சொல்லும். வட்டம் முடிவில்லாத வாழ்வைச் சொல்லும். லில்லியைத் தேடிக் குளிர்பதனக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அதே வெண்மையும் மணமும் நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் விளையும் சம்பங்கியில் இருக்கிறது. ஐரோப்பியர் 'என்றும் வாடாப் பூ' என்று தேடியது நம் வீட்டு வாசலில் வாடாமல்லியாகப் பூக்கிறது. மலைப் பொழிவில் இயேசு காட்டிய பூக்களைத் தமிழ் வேதாகமம் காட்டுப்புஷ்பங்கள் என்றுதான் மொழிபெயர்த்தது. சாலமோனின் உடையைவிட உயர்ந்தவை என்று அவர் சொன்னது கடையில் விற்கும் பூவை அல்ல. நெகிழியும் தெர்மாகோலும் வேண்டாம். அவை மட்காமல் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கும். பொறுக்கிச் சுத்தம் செய்யும் வேலை யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியும்.

நாடாவில் எழுதும்போது பெயரை முழுதாக எழுதுங்கள். அவர் என்ன செய்தவர் என்று எழுதுங்கள். யாருடைய மனைவி, யாருடைய தாய் என்பதோடு நிறுத்தாதீர்கள்.

மாலையை யார் தூக்கி வருகிறார்கள், எந்தப் பாதையில் வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்யுங்கள். குழி வெட்டுவது, பறையடிப்பது, சாவு சொல்லப் போவது என்று ஊர்ச் சாவு எல்லாவற்றிலும் நம் கைகளுக்கு வேலை இருந்தது. மாலை வைக்கும் வரிசையில் மட்டும் நம் கை கடைசி. அந்த வரிசையைக் கலைப்பதும் அஞ்சலிதான்.

ஆயாவுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறோம். பூக்கடை வளையம் வாங்கவில்லை. அவரிடம் மறைக்கல்வி படித்த பெண்கள் காலனி வாசல்களில் பறித்த வாடாமல்லியையும் வாங்கிய சம்பங்கியையும் சேர்த்து மாலை கட்டினார்கள். குருத்தோலை ஞாயிறுக்கு முடைவது போலப் பிள்ளைகள் ஓலையில் சிலுவை முடைந்தார்கள். மீதிப் பணம் நோட்டுப் புத்தகமானது. நாடாவில் 'எங்கள் ஆசிரியர்' என்று எழுதினோம்.

ஊர்வலம் பழைய பாதையில்தான் போனது. துக்க வீட்டில் மோதல் வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. நாங்கள் ஏற்றுக்கொண்டோம். வெற்றி என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அடக்கம் முடிந்து ஏழாம் நாள், ஆயாவின் பேரனும் காலனிப் பெரியவர்களும் கையெழுத்திட்ட மனு ஆயருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போயிருக்கிறது. ஒரே தூம்பா, ஒரே பாதை, பிரிவில்லாத கல்லறைத் தோட்டம் என்று மூன்றே கோரிக்கை. 1955 சட்டத்தின் நான்காவது பிரிவைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று காலை செவ்வந்தியோடு பெரிய தெரு வழியாக நடந்து போவது என்று காலனிக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. ஆயாவின் கல்லறைக்கு மட்டுமல்ல, பெயர்ப்பலகைகூட இல்லாமல் அந்த ஓரத்தில் கிடக்கும் எல்லா மேடுகளுக்கும் பூ வேண்டும். வருகிற தோழர்கள் ஆளுக்கு ஒரு முழம் கொண்டுவாருங்கள்.